காற்றுக்குக் கதை தெரியாது: சினிமா விண்கலங்களை நிஜத்தில் பறக்கவிடுவது எப்படி?

2019 டிசம்பர் தொடக்கம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் புதிய 'ஸ்டார் வார்ஸ்' ரைடு ஒன்றின் திறப்பு விழா. இருட்டிவிட்ட நேரம். படத்தில் வரும் எக்ஸ்-விங் போர்க்கலங்கள் இரண்டு மெல்ல மேலே எழும்பின. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. அப்படியே நகர்ந்து மறைந்தன. கயிறு கிடையாது, கிரேன் கிடையாது. திரையில் மட்டுமே பார்த்த கலம் தலைக்கு மேலே மிதந்ததைப் பார்த்த ரசிகர்கள் வீடியோக்களை இணையத்தில் கொட்டினார்கள். 'உள்ளே என்னதான் இருக்கு?' என்பதே எல்லோருடைய கேள்வி.

பதிலும் சீக்கிரமே வந்தது. சரக்கு தூக்குவதற்காக போயிங் நிறுவனம் உருவாக்கிவந்த பெரிய ட்ரோன்கள்தான் அவை. மேலே எக்ஸ்-விங் தோற்றத்தைப் போர்த்தியிருந்தார்கள். சுமார் 225 கிலோ வரை தூக்குவதை இலக்காக வைத்து வடிவமைத்த ட்ரோன் அது. ஆக, அன்றைக்குக் கலத்தைத் தூக்கியது ட்ரோனின் விசிறிகள். எக்ஸ்-விங்கின் இறக்கைகள் சும்மா கூடவே போய்வந்தன.

ஆனால், போயிங்கின் பணமும் ஆள்பலமும் இல்லாமல் இதே வேலையைச் செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வீட்டு கார் ஷெட்டிலோ, மொட்டை மாடியிலோ தெர்மாகோல் போன்ற ஃபோம் ஷீட்டை வெட்டி, ஒட்டி, மோட்டார் மாட்டி, ரிமோட்டில் பறக்கவிடுகிறார்கள். மில்லினியம் ஃபால்கன், 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் எண்டர்பிரைஸ், 'தண்டர்பேர்ட்ஸ்' தொடரின் குண்டுப் பச்சைக் கலம் என எதையும் விட்டுவைக்கவில்லை. ரேடியோ கன்ட்ரோல், சுருக்கமாக ஆர்.சி. மாடல் உலகில் இது ஒரு தனிக் கிளை.

காற்றே இல்லாத விண்வெளிக்காகக் கற்பனை செய்த உருவத்தை, காற்றில் பறக்கவைப்பது எப்படி? அதைவிட முக்கியமாக, இதனால் என்ன பிரயோஜனம்? இரண்டாவது கேள்விக்கான பதில் நாசா வரைக்கும் போகிறது.

படத்தில் எப்படிப் பறந்தது?

பறக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், நீலத் திரைக்கு முன்னால் ஒரு தாங்கியில் நிறுத்திய மாடலைச் சுற்றி கேமராதான் நகர்ந்தது. ஜான் டைக்ஸ்ட்ரா தலைமையிலான குழு, கேமராவின் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்து, அச்சு அசலாக அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கருவியை இதற்காகவே உருவாக்கியது. கலம் பாய்ந்து வருவதுபோல நமக்குத் தெரிந்தாலும், பாய்ந்தது கேமரா.

அதற்கும் 11 வருடம் முன்னால், 1966-ல் தொலைக்காட்சிக்கு வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் பயன்படுத்திய 11 அடி நீள எண்டர்பிரைஸ் மாடல் இன்றும் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. விளக்குகளுக்கான வயர்கள் எல்லாம் இடது பக்கம் வழியாக வெளியே வந்ததால், அந்தப் பக்கத்தில் நகாசு வேலையை முழுதாகச் செய்யவில்லை. கேமரா வலது பக்கத்தைத்தான் பார்க்கப் போகிறது, பிறகு எதற்கு?

கேமராவை இப்படி ஏமாற்றிவிடலாம். காற்றை முடியாது. அது எல்லாப் பக்கத்தையும் தொட்டுப் பார்க்கும். இது ஹீரோவின் கப்பல், கதைப்படி ஒளியைவிட வேகமாகப் போகும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அது பார்ப்பது எடை, பரப்பு, வடிவம், வேகம் ஆகியவற்றை மட்டும்தான்.

முதல் கேள்வி: எடை எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் நோட்டுத் தாளைக் கிழித்து 'ராக்கெட்' விட்டவர்களுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். சில ராக்கெட்டுகள் விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், அப்படியே சொருகி விழும். அதன் மூக்கில் ஒரு ஜெம் கிளிப்பை மாட்டிப் பாருங்கள், அழகாக நேராகப் போகும். கிளிப் எடையைக் கூட்டியது உண்மைதான். ஆனாலும், பறத்தல் மேம்பட்டது. ஏனென்றால் எடை முன்னுக்கு வந்துவிட்டது.

விமான மாடல்களிலும் இதுதான் அடிப்படை விதி. மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். மாடலின் இரு பக்கமும் விரல் நுனிகளை வைத்துத் தூக்கினால், சாயாமல் நிற்கும் இடம்தான் அது. காற்று திடீரென மூக்கைத் தூக்கும்போதோ அழுத்தும்போதோ, மாறிய தூக்குவிசை இன்னொரு புள்ளியில் செயல்படும். ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருக்க வேண்டும். இருந்தால், காற்று எவ்வளவு தட்டினாலும் மாடல் தானாகவே நேராகும். பின்னால் போய்விட்டால், சின்னத் தட்டு பெரிய கவிழ்ப்பாகிவிடும். யாருடைய விரலும் அந்த வேகத்துக்கு ரிமோட்டில் ஈடுகொடுக்க முடியாது.

நிஜ விமானத்தை வரைபவர் இந்தப் புள்ளிகளை முதலில் குறித்துவிட்டு, அதைச் சுற்றி விமானத்தை வரைகிறார். சினிமா கலத்தை வரைபவர் திரையில் கெத்தாகத் தெரிவதை வரைகிறார். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்பவர்தான் ஆர்.சி. மாடல் செய்பவர்.

எது பறக்கும், எது அடம்பிடிக்கும்?

மில்லினியம் ஃபால்கன்: கிட்டத்தட்ட ஒரு வட்டத் தட்டு. 'தட்டு எப்படிப் பறக்கும்?' என்று தோன்றலாம். நன்றாகவே பறக்கும். 1942 நவம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில், சார்லஸ் சிம்மர்மன் வடிவமைத்த வி-173 என்ற விமானம் ஆள் ஏற்றிக்கொண்டே பறந்தது. அதன் உருவமே ஏறக்குறைய வட்டம்தான். 'பறக்கும் பான்கேக்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். நம்மூராக இருந்தால் 'பறக்கும் தோசை' என்றிருப்போம். இப்படிப்பட்ட குட்டையான, அகலமான இறக்கை காற்றை அதிகமாக இழுத்துப் பிடிக்கும், அதனால் சக்தி நிறையச் செலவாகும். ஆனால், மூக்கை நன்றாகத் தூக்கினாலும் சட்டென்று கைவிடாது.

ஃபால்கனின் உண்மையான சிக்கல் எடை. வட்டத் தட்டில் ஈர்ப்பு மையம் நடுவில் இருந்தால் பறக்காது. முன்விளிம்பிலிருந்து விட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு தூரத்திலேயே இருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் தட்டு என்றால் சுமார் 20 சென்டிமீட்டரில். நல்லவேளையாக, ஃபால்கனுக்கு முன்னால் இரண்டு கொடுக்குகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரியை அங்கே தள்ளிவிடலாம். விமானி அறை வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொரு தொல்லை. அந்தப் பக்கம் எடையும் கூடும், காற்றின் தடையும் கூடும். இடது பக்கம் கொஞ்சம் எடை வைத்துச் சரிக்கட்ட வேண்டியதுதான்.

எண்டர்பிரைஸ்: இங்கேதான் சிக்கலே ஆரம்பம். முன்னால் தட்டு, அதுதான் காற்றில் தூக்கும் பாகம். பின்னால் கீழே ஓர் உருளை, பின்னால் மேலே இரண்டு நீளக் குழாய்கள். அவை எடை மட்டும்தான் தரும், தூக்குவிசை தராது. தூக்குவது முன்னால், கனப்பது பின்னால். கிளிப் இல்லாத காகித ராக்கெட்டின் அதே கதைதான். போதாக்குறைக்கு, குழாய்களைத் தாங்கும் கால்கள் மெலிதானவை. வேகம் கூடினால் வாழை இலை மாதிரி படபடக்கும். அதனால் பின்பாகத்தை முடிந்தவரை வெற்றுக்கூடாகச் செய்து, கால்களுக்குள் கார்பன் குச்சி செருகி, மோட்டாரையும் பேட்டரியையும் தட்டின் முன்விளிம்புக்கே கொண்டுபோகிறார்கள்.

எக்ஸ்-விங்: பார்க்கச் சிக்கலானது, ஆனால் காற்றுக்குக் கொஞ்சம் பிடித்தது. நீளமான மூக்கு முன்னால், இறக்கைகள் எல்லாம் பின்னால் என்று கிட்டத்தட்ட ஓர் அம்பின் அமைப்பு. பேட்டரியை மூக்கில் வைத்தால் ஈர்ப்பு மையம் சுலபமாக முன்னே வந்துவிடும். சாய்ந்து விரிந்த நான்கு இறக்கைகளும் அம்பின் இறகுகள்போல நேராகப் போக உதவும். குறை என்னவென்றால், இறக்கைகள் குறுகலானவை, சாய்ந்தும் இருப்பதால் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகும். எனவே வேகமாகவே பறக்க வேண்டும், வேகமாகவே தரையிறங்க வேண்டும்.

டை ஃபைட்டர்: நடுவில் ஒரு பந்து, இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் இரண்டு பலகைகள். கிடைமட்டமாக இறக்கை என்று எதுவுமே இல்லை. காற்றின் பார்வையில் இது விமானமே கிடையாது. பக்கத்திலிருந்து காற்றடித்தால் இரண்டு பலகைகளும் பாய்மரமாகிவிடும். இதற்கு ட்ரோன் வழி மட்டும்தான் உண்டு.

சின்னதாக இருந்தால் ஏன் சுலபம்?

'இவ்வளவு சிக்கல் இருந்தும் எப்படிப் பறக்கிறது?' என்றால், மாடல்கள் சின்னவை என்பதுதான் பெரிய காரணம்.

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால், அதன் பரப்பு நான்கு மடங்காகும். ஆனால் கன அளவும், அதனால் எடையும் எட்டு மடங்காகும். தூக்குவது பரப்பு, தூக்கப்படுவது எடை. பெரிதாக ஆக, ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் சுமக்க வேண்டிய பாரம் ஏறிக்கொண்டே போகும். சிறிதாக்கினால் அந்தப் பாரம் இறங்கும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். போயிங் 747-400 ஜம்போ விமானம் முழுச் சுமையோடு கிளம்பும்போது, ஒரு சதுர மீட்டர் இறக்கை 700 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. கால் சதுர மீட்டர் பரப்பும் ஒரு கிலோ எடையும் உள்ள ஃபோம் மாடலில் அது வெறும் 4 கிலோ. பாரம் குறைவாக இருப்பதால், வேகமாக மிதிக்கும் சைக்கிளின் வேகத்திலேயே அது காற்றில் நிற்கும். ஜம்போ பறக்க நுணுக்கமாகச் செதுக்கிய இறக்கை வேண்டும். இதற்குச் சுமாரான வடிவமே போதும். 'போதிய மோட்டார் இருந்தால் கதவுகூடப் பறக்கும்' என்று ஆர்.சி. ஆட்கள் விளையாட்டாகச் சொல்வது இதனால்தான்.

எடை குறைவுக்கு முதல் காரணம் ஃபோம். மாடல்காரர்களுக்குப் பிடித்த டெப்ரான் வகை ஷீட், 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் எடுத்தால்கூட கால் கிலோவைத் தொடாது. பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் மலிவானது இரண்டாவது காரணம். முன்பெல்லாம் எடை மிகுந்த சின்ன பெட்ரோல் எஞ்சின்களை நம்ப வேண்டியிருந்தது. இன்றைக்குக் கட்டைவிரல் அளவு மோட்டாரே ஒரு கிலோ மாடலை இழுத்துக்கொண்டு போகும்.

பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2007-ல் கலிஃபோர்னியா பாலைவனத்தில் ராக்கெட் ஆர்வலர்கள் சிலர் 20 அடிக்கும் மேல் நீளமான எக்ஸ்-விங் ஒன்றைக் கட்டி, நான்கு ராக்கெட் மோட்டார்கள் பொருத்தி மேலே ஏவினார்கள். கம்பீரமாகக் கிளம்பிய கலம், சில விநாடிகளிலேயே காற்றின் வேகம் தாங்காமல் துண்டு துண்டாகச் சிதறியது. வடிவம் அதேதான். அளவும் வேகமும் கூடியதும் காற்று கேட்ட விலையும் கூடிவிட்டது.

இறக்கையா, ட்ரோனா?

இந்த இடத்தில் மாடல்காரர்களுக்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, விமானமாகப் பறக்கவைப்பது. கலத்தின் உடலே இறக்கை. பின்விளிம்பில் ஆடும் இரண்டு மடிப்புகள்தான் கட்டுப்பாடு. இரண்டும் சேர்ந்து மேலே போனால் மூக்கு தூக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் கலம் உருளும். இந்த வழியில் வடிவத்தோடு பேரம் பேசியே ஆக வேண்டும்.

இரண்டாவது வழி, நான்கு விசிறிகள் கொண்ட ட்ரோனாக்குவது. இதில் தூக்குவது விசிறிகள்தான், வடிவத்துக்கு அதிக வேலை இல்லை. உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு, கலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, அதற்கேற்ப ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். கலத்தின் எடையைப்போல இரண்டு மடங்கு தூக்கும் சக்தி மோட்டார்களுக்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. விசிறிக் காற்றைக் கலத்தின் உடலே மறித்துவிடக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை.

கடைகளுக்கு வந்த பொம்மைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஏர் ஹாக்ஸ் நிறுவனத்தின் மில்லினியம் ஃபால்கன், ஃபோம் உடலில் நான்கு ஓட்டைகள் போட்டு விசிறிகளை உள்ளேயே ஒளித்தது. 2016-ல் புரொபெல் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்-விங், டை வகை ட்ரோன்கள், கண்ணாடிபோன்ற விசிறிகளைக் கலத்தின் அடிப்பக்கம் வைத்தன.

பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், செய்பவர்களுக்குள் இது தீராத வாக்குவாதம். ட்ரோனில் ஃபால்கனின் ஓட்டை மாட்டினால் அது ஃபால்கன் பறந்ததாகுமா? ஃபோம் தட்டு தன் சொந்த வடிவத்தால் காற்றில் நிற்கும்போது வரும் திருப்தி வேறு என்பது ஒரு கட்சி. டை ஃபைட்டரை வேறு எப்படிப் பறக்கவைப்பாய் என்பது எதிர்க்கட்சி.

கொஞ்சம் ஏமாற்று வேலை

இறக்கை வழியில் போகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. எங்கே பொய் சொல்வது என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தக் கலையே.

ஒன்று, கண்ணாடி இறக்கை. எண்டர்பிரைஸ் மாதிரி கலத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டில் கூடுதல் இறக்கையோ வாலோ வைத்துவிட்டால், 30 மீட்டர் தூரத்தில் யாருக்கும் தெரியாது.

இரண்டு, படிக்கட்டு இறக்கை. நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஆர்ட் டைரக்டராக இருந்த ரிச்சர்ட் கிளைன், மகனுக்குக் காகித விமானம் மடித்துக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை இது. இறக்கையின் குறுக்கே ஒரு படி விட்டு, முன்பாதியைத் தடிமனாகவும் பின்பாதியை மெலிதாகவும் வைக்க வேண்டும். நண்பர் ஃபிளாய்ட் ஃபோகில்மனோடு சேர்ந்து இதற்கு 1972-ல் காப்புரிமை வாங்கினார். பெரிய விமானங்களுக்கு இது உதவவில்லை. காற்றுச் சுரங்கச் சோதனைகளில் வழக்கமான இறக்கையைவிடப் பின்தங்கியே நின்றது. ஆனால், ஃபோம் மாடல்காரர்களுக்கு வரமாகிவிட்டது. ஒரு ஷீட்டின் மேல் இன்னொரு பாதி ஷீட்டை ஒட்டினால் வேலை முடிந்தது. விண்கலத்தின் மேல் தகடு தகடாக அடுக்கியதுபோல இருக்கும் அலங்காரமும் இந்தப் படியை மறைத்துவிடும்.

மூன்று, மோட்டாரை ஒளிப்பது. உடலின் நடுவே ஒரு பிளவு வெட்டி, அதற்குள் விசிறியைச் சுழலவிடுகிறார்கள். அல்லது குழாய்க்குள் சுழலும் சின்ன விசிறியைப் பின்னால் புதைக்கிறார்கள். ராக்கெட் எஞ்சின் மாதிரியே சத்தமும் வரும், ஆனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

முதல் வீச்சு

எத்தனை கணக்கு போட்டாலும் பரீட்சை மைதானத்தில்தான். மோட்டாரை ஓட்டாமல், உயரமான புல் இருக்கும் இடத்தில், எதிர்க்காற்றில் கையால் மெதுவாக வீசிப் பார்ப்பது முதல் படி. மூக்கு குத்தி நேராக இறங்கினால் முன்பக்கம் எடை அதிகம். மூக்கைத் தூக்கி, நின்று, சொருகினால் பின்பக்கம் எடை அதிகம். பேட்டரியை விரல் அகலம் நகர்த்தி மறுபடி வீச வேண்டும். மறுபடி நகர்த்தி மறுபடி வீச வேண்டும். மூக்குப் பக்கம் எடை கொஞ்சம் கூடிய மாடல் பறப்பதற்குச் சொதப்பலாக இருக்கும், ஆனால் வீடு திரும்பும். பின்பக்கம் கூடிய மாடலைப் பெரும்பாலும் பையில் பொறுக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

மூக்கு எந்தப் பக்கம்?

இதுவரை சொன்னது மாடலுக்கு வரும் ஆபத்து. மனிதருக்கு வரும் ஆபத்து ஒன்றும் இருக்கிறது, அது இந்த வகை மாடல்களுக்கே உரியது.

சாதாரண விமான மாடல் நூறு மீட்டர் தூரத்தில் இருந்தாலும், இறக்கையும் வாலும் தெரிவதால் அது எங்கே போகிறது என்று புரிந்துவிடும். வட்டத் தட்டு அப்படி இல்லை. வருகிறதா, போகிறதா, நேராக இருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா எதுவும் தெரியாது. அதோடு, மாடல் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும். எந்தப் பக்கம் மூக்கு என்று குழம்பினால், காப்பாற்ற நினைத்துத் தள்ளும் குச்சியே அதைக் கூட்டத்துக்குள் திருப்பிவிடக்கூடும்.

ஒரு கிலோ மாடல் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், விநாடிக்கு 15 மீட்டர். அது மோதும் விசை, மூன்று நான்கு மாடி உயரத்திலிருந்து விழும் ஒரு கிலோ பொருளுக்குச் சமம். முன்னால் விசிறி சுழன்றுகொண்டிருந்தால் இன்னும் மோசம். 'ஃபோம்தானே' என்ற அலட்சியம் இங்கே ஆகாது.

அதனால், படத்தில் இருக்கும் சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். மேல்பக்கம் வெளிர் நிறம், அடிப்பக்கம் கறுப்புப் பட்டை, முன்னால் ஒரு நிற விளக்கு, பின்னால் வேறு நிற விளக்கு. உருவம் நூறு சதவீதம் படத்தைப்போல இல்லாமல் போகும். ஆனால், கட்டுப்பாடு கையில் இருக்கும். லித்தியம் பாலிமர் பேட்டரிக்கும் இதே கவனம் வேண்டும். கீழே விழுந்து நசுங்கிய, உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கலாம். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது.

இந்தியாவில் பறக்கவிடலாமா?

இந்தியாவில் 2021-ல் வந்த ட்ரோன் விதிகள், ஆளில்லா மாடல்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காக மட்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் இயக்கும் 25 கிலோவுக்கு மேற்படாத கலங்களை 'மாடல்' என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். மொத்த எடை 250 கிராமுக்குள் இருந்தால் அது 'நானோ' வகை. வீட்டிலேயே செய்யும் குட்டி ஃபால்கன்கள் பல இதற்குள் அடங்கிவிடும். எடை எதுவாக இருந்தாலும், விமான நிலையம், ராணுவப் பகுதி போன்றவை சிவப்பு மண்டலம். மைதானம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்ப்பதுதான் முதல் வேலை.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. உதிரிப் பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆக, வாங்கிப் பறக்கவிடுவதைவிடச் செய்து பறக்கவிடுவதுதான் இங்கே நடைமுறை வழி.

எல்லாம் சரி, இது விளையாட்டுதானே?

1960-களின் தொடக்கம். கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் பகுதியில் உள்ள நாசா பறத்தல் ஆராய்ச்சி மையத்தில் டேல் ரீட் என்ற பொறியாளர் இருந்தார். மாடல் விமானப் பைத்தியம். விண்வெளியிலிருந்து திரும்பும் கலம் பாராசூட்டில் கடலில் விழாமல், விமானம்போலத் தரையிறங்க முடியுமா என்ற கேள்வி அப்போது இருந்தது. இறக்கை வைத்தால் வளிமண்டலத்துக்குள் நுழையும் வெப்பத்தில் தாங்குமா என்பது சந்தேகம். 'இறக்கையே வேண்டாம், உடலே தூக்கட்டும்' என்பது ரீட் பிடித்துக்கொண்ட யோசனை. பாதியாகப் பிளந்த கூம்பு மாதிரி ஒரு வடிவம். பார்த்தவர்கள் 'பறக்கும் குளியல்தொட்டி' என்றார்கள்.

ரீட் 24 அங்குல மாடல் ஒன்றைச் செய்தார். ரேடியோ கன்ட்ரோலில் இயங்கும் பெரிய மாடல் விமானத்தில் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேலேயிருந்து விடுவித்தார். அது சறுக்கி இறங்குவதை அவருடைய மனைவி 8 மில்லிமீட்டர் கேமராவில் படம்பிடித்தார். வீட்டுக் கல்யாண வீடியோ தரத்தில் இருந்த அந்தப் படத்தைத்தான் மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அனுமதி கிடைத்தது. சுமார் 30,000 டாலர் செலவில், பிளைவுட் உடலோடு எம்2-எஃப்1 உருவானது. 1963-ல் முதலில் போன்டியாக் கார் ஒன்றில் கட்டி, காய்ந்த ஏரிப் படுகையில் இழுத்து எழுப்பினார்கள். பிறகு விமானம் இழுத்துப்போய் உயரத்தில் விட, ஆள் ஓட்டித் தரையிறக்கினார்கள். எஞ்சின் இல்லாமல், இறக்கை இல்லாத உடலோடு ஒரு கலத்தைப் பத்திரமாக இறக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து தொடங்கியது. பின்னாளில் ஸ்பேஸ் ஷட்டில் எஞ்சின் உதவியில்லாமல் தரையிறங்கியதில் அந்த அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஷட்டில் வந்த பிறகு அடுத்த சிக்கல். அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது எப்படி? தரையிறங்கும் திறனைச் சோதிக்க உயரத்துக்குத் தூக்குவது எப்படி? ஜம்போ விமானத்தின் முதுகில் ஏற்றி, அங்கேயே கழற்றிவிடலாம் என்று வாதாடினார் ஹூஸ்டனில் இருந்த நாசா பொறியாளர் ஜான் கைக்கர். கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும் யோசனை. கழன்ற ஷட்டில் பின்னால் சரிந்து ஜம்போவின் வாலில் மோதினால், மேலே இருக்கும் இருவரும் கீழே இருக்கும் விமானக் குழுவும் காலி. கைக்கரும் ஆர்.சி. ஆர்வலர்தான். ஜம்போவையும் ஷட்டிலையும் சின்ன மாடல்களாகச் செய்து, ஒன்றின் முதுகில் ஒன்றை ஏற்றிப் பறக்கவிட்டு, ரிமோட்டில் கழற்றிக் காட்டினார். மூக்கைச் சற்றுத் தூக்கிவைத்த கோணத்தில் ஷட்டிலைப் பொருத்தினால், கழன்றதும் அது மேலே எழும்பிப் பிரிந்துவிடும், மோதாது.

1977 ஆகஸ்ட் 12. எட்வர்ட்ஸ் வானில் 747-ன் முதுகிலிருந்து ஷட்டில் முதல் முறையாகக் கழன்றது. ஃப்ரெட் ஹேஸும் கோர்டன் ஃபுல்லர்டனும் ஓட்டினார்கள். சுமார் ஐந்து நிமிடம் சறுக்கி, காய்ந்த ஏரிப் படுகையில் பத்திரமாக இறங்கியது. மாடல் காட்டியபடியே.

அந்த ஷட்டிலுக்கு முதலில் வைக்க நினைத்த பெயர் 'கான்ஸ்டிடியூஷன்'. 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்து அதை மாற்றவைத்தார்கள். 1976 செப்டம்பரில் அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது, தொடரின் நடிகர்களே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். இன்று நியூயார்க்கில் உள்ள இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. ஒரு பக்கம் நகாசு முடியாத அந்த 11 அடி டி.வி. கலத்தின் பெயர்தான் அதற்கும்: எண்டர்பிரைஸ்.

அடுத்த முறை மைதானத்தில் யாராவது ஒரு ஃபோம் ஃபால்கனை வீசி, அது மூக்கு குத்தி விழுந்து, அவர் சலிக்காமல் பேட்டரியை விரல் அகலம் நகர்த்துவதைப் பார்த்தால், சிரிக்க வேண்டியதில்லை. ரீடும் கைக்கரும் செய்தது ஏறக்குறைய அதே வேலைதான்.